ஓஏபிக்கு மனு எழுதுவதற்கு முன் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிளை அஞ்சலகத்தில் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓஏபி என்கிற முதியோர் உதவித்தொகை மணியார்டராக வந்துகொண்டிருந்த காலத்தில், அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது எங்களைப் போன்ற தபால்காரர்கள்தான். கட்டைவிரலை மையில் ஒற்றி வாங்கி, பக்கத்து வீட்டுக்காரரிடம் சாட்சிக் கையெழுத்துப் போட்டு வாங்கி, பணத்தை எண்ணிக் கையில் வைப்போம். அப்புறம் அந்தப் பணம் பேங்குக்குப் போய்விட்டது. ஆனால் என்னைக் கேட்கும் பழக்கத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் விடவில்லை. "தம்பி, என் பணம் இன்னா ஆச்சுன்னு கொஞ்சம் பாரேன்" என்று பாஸ்புக்கை நீட்டுவார்கள். பேங்குக்குத் துணைக்குப் போகத் தொடங்கி, இ-சேவை மையம், தாலுகா ஆபீஸ், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ், பி.எஃப். ஆபீஸ் என்று ஒவ்வொன்றாகப் பழகிவிட்டது. அப்படிப் போய் வந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறவர்களுக்கு உதவும்.

2019 நவம்பரில் எங்கள் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. பெரியவர்களுக்கு இன்றைக்கும் எல்லாம் வட ஆற்காடுதான். ஆம்பூர்க்காரர் ஒருவர் தன் மனுவோடு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்கு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் போக வேண்டியது திருப்பத்தூர். பழைய காகிதத்தில் எல்லாம் வேலூர் மாவட்டம் என்றே இருக்கும். அது தப்பில்லை, ஆனால் மனு கொடுக்க வேண்டிய இடம் மாறிவிட்டது. வெயிலில் ஒரு பெரியவரை இழுத்துக்கொண்டு கிளம்பும் முன், நம் ஊர் இப்போது எந்தத் தாலுகா, எந்த மாவட்டம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாராவது உதவி என்று வந்தால் நான் முதலில் கேட்பது வயதை அல்ல. "என்ன வேலை பார்த்தீங்க? உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தாரு?" என்று கேட்பேன். எங்கள் பக்கம் பீடி சுற்றாத தெரு குறைவு. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்றால் தோல். குடியாத்தத்தில் தறி. மற்றவர்கள் கட்டட வேலை, கழனி வேலை. கேட்கிற பெரியவர்களுக்குத் தெரிந்த ஒரே பெயர் ஓஏபி. ஆனால் அவர்கள் செய்த வேலைக்கென்றே தனியாக ஒரு பென்ஷன் எங்கோ எழுதப்பட்டு, கேட்பாரில்லாமல் கிடக்கலாம்.

பேரணாம்பட்டுப் பக்கத்து அம்மா ஒருவர். வீட்டுக்காரர் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து, வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த அம்மா வீட்டு வேலை செய்துதான் பிள்ளைகளை வளர்த்தார். ஓஏபிக்கு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். பழைய காகிதம் என்ன இருந்தாலும் எடுத்து வாருங்கள் என்றேன். கல்யாணத்தில் வாங்கிய ட்ரங்குப் பெட்டியின் அடியில், ரேஷன் கார்டு அட்டைக்குள் மடித்து, கம்பெனி கொடுத்த பி.எஃப். சீட்டு ஒன்று இருந்தது. எண் தெளிவாக இருந்தது. அந்தக் காகிதம் என்ன என்றே அவருக்குத் தெரியாது. "அவர் கையெழுத்து இருக்குதேன்னு வெச்சிருந்தேன்" என்றார்.

பி.எஃப். பிடித்தம் இருந்த தொழிலாளிக்கு 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டம் ஒன்று உண்டு. 10 ஆண்டு சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாத பென்ஷன். அதைவிட முக்கியமானது, பலருக்கும் தெரியாதது: வேலையில் இருக்கும்போது தொழிலாளி இறந்துவிட்டால் மனைவிக்குப் பென்ஷன் வர 10 ஆண்டு சர்வீஸ் தேவையில்லை. ஒரு மாதம் சந்தா கட்டியிருந்தாலே போதும். பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்தாலும் மனைவிக்கு அதில் பாதி வரும். குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. 10-டி என்ற படிவத்தை நிரப்பி, இறப்புச் சான்று, ஆதார், பாஸ்புக் நகல், போட்டோ வைத்துக் கொடுக்க வேண்டும். வேலூரிலேயே பி.எஃப். மண்டல அலுவலகம் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். கணக்கில் மனைவி பெயராக வீட்டில் கூப்பிடும் பெயர். அதைச் சரிக்கட்டவே நிறைய அலைந்தோம். கடைசியில் பென்ஷன் வந்தது, பழைய பாக்கியும் சேர்ந்து வந்தது. அந்தப் பணத்தில் முதலில் வீட்டுக்கு ஓடு மாற்றினார்.

பீடி சுற்றியவர்களிலும் பி.எஃப். பிடித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். கம்பெனி மூடியிருக்கும், காண்ட்ராக்டர் செத்திருப்பார், கணக்கு மட்டும் அப்படியே இருக்கும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர்களுக்குக் கைத்தறித் துறையின் முதியோர் ஓய்வூதியம் தனியாக உண்டு. கழனி வேலை செய்தவர்களிடம் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். 60 வயதுக்குப் பிறகு அதிலும் ஓய்வூதியம் இருக்கிறது. கட்டடத் தொழிலாளர் நல வாரியமும் இப்படித்தான், ஆனால் அதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வாரியத்தில் 60 வயதுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. 60 தாண்டிய பிறகு "முப்பது வருஷம் சித்தாள் வேலை செஞ்சேன்" என்று சொன்னால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே உங்கள் வீட்டில் 50 தாண்டிய மேஸ்திரியோ சித்தாளோ இருந்தால், இந்த மாதமே தொழிலாளர் நல அலுவலகத்தில் அட்டையைப் புதுப்பித்து வையுங்கள். நான் எழுதுவதில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

இனி ஓஏபி. தமிழ்நாட்டில் 1962இல் மாதம் 20 ரூபாயோடு தொடங்கிய திட்டம் இது. 2011இல் 1,000 ஆனது, 2023இல் 1,200 ஆனது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் சேர்ந்தவர் என்றால், அந்தத் தொகையில் 79 வயது வரை 200 ரூபாயும் 80 முதல் 500 ரூபாயும் மத்திய அரசின் பங்கு. மீதியை மாநில அரசு போடுகிறது. வாங்குகிறவர் கைக்கு எப்படியானாலும் 1,200தான். 80 ஆகிவிட்டது, 500 கூட வரும் என்று காத்திருந்த பெரியவர்கள் உண்டு, அதனால் சொல்கிறேன். பணத்தோடு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை உண்டு.

மனு போடுவது இ-சேவை மையத்தில். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், போட்டோ வேண்டும். அங்கிருந்து வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி தாசில்தார் என்று போகும். மனு போட்டதும் ஓர் எண்ணோடு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டுதான் எல்லாம். அதை ஜெராக்ஸ் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். "எங்க போட்டீங்க, எப்போ போட்டீங்க" என்று யார் கேட்டாலும் அந்த எண்ணைக் காட்டுங்கள். எண் இருக்கும் மனுவுக்கும் வாயால் சொல்லும் மனுவுக்கும் ஆபீஸில் கிடைக்கும் பதில் வேறு வேறு.

வி.ஏ.ஓ. வீட்டுக்கு விசாரிக்க வருவார், அல்லது தலையாரியை அனுப்புவார். அன்றைக்குப் பெரியவர் வீட்டில் இருக்க வேண்டும். ஆடு மேய்க்கப் போயிருந்தார், ஆள் இல்லை என்று எழுதிப் போய்விட்ட மனுக்களை நான் அறிவேன். வருகிறவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி, பார்த்துக்கொள்ள மகன் இருக்கிறானா என்பது. இங்கே பல பேர் தடுமாறுகிறார்கள். மானம் பார்க்கிற கிழவி "எம்புள்ள என்னை ராணி மாதிரி வெச்சிருக்கான்" என்று சொல்லிவிடுவாள். மகன் திருப்பூரில் தனிக்குடித்தனம், தீபாவளிக்கு ஒருமுறை வருவான், பணம் அனுப்புவதில்லை. ஆனால் அவன் பெயர் அம்மாவின் ரேஷன் கார்டிலேயே இருக்கும். காகிதத்தில் பார்த்தால் வருமானம் உள்ள மகனோடு அம்மா வாழ்கிறார். உண்மையிலேயே தனியாக இருந்தால், முதலில் ரேஷன் கார்டில் அந்த உண்மை வர வேண்டும். மகன் அவன் இருக்கும் ஊரில் தனிக் கார்டு வாங்கட்டும். அதற்குப் பிறகு ஓஏபி மனு போடுங்கள். மகன் ஒரே வீட்டில் இருந்து சோறு போடும்போது பெயரை மட்டும் வெட்டிவிட்டு மனு போடச் சொன்னால் நான் எழுதித் தருவதில்லை. பக்கத்துத் தெருவில் ஒருவரும் இல்லாமல் இருக்கும் கிழவரின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது.

60 ஆகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லாதவர்களும் இருக்கிறார்கள். ஆதரவற்ற விதவைக்கு 18 வயதிலிருந்தே உதவித்தொகை உண்டு. கணவரால் கைவிடப்பட்டவருக்கு 30 வயதில், திருமணமாகாத ஏழைப் பெண்ணுக்கு 50 வயதில். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி பிள்ளைகளை வளர்த்தே காலம் போன அக்காக்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட இப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்கவில்லை.

இன்னொரு வதந்தியையும் சொல்ல வேண்டும். மாமியார் ஓஏபி வாங்கினால் மருமகளுக்குக் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை வராது என்று ஒரு பேச்சு. இதைக் கேட்டு, ஓஏபியை நிறுத்திவிடுங்கள் என்று எழுதிக் கொடுக்க வந்த ஒரு பாட்டியை நானே தடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். 2023இல் திட்டம் தொடங்கும் நேரத்திலேயே அந்த விதியைத் தளர்த்திவிட்டார்கள். ஒரே பெண் இரண்டையும் வாங்க முடியாது, அவ்வளவுதான். மாமியாருக்கு 1,200, மருமகளுக்கு 1,000 என்று ஒரே வீட்டில் வரலாம்.

வயதுப் பிரச்சினைக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். ஆதார் எடுத்த நாளில் வரிசையில் நின்றவர்களிடம் வயது கேட்டார்கள், வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள், பிறந்த தேதி ஜனவரி 1 என்று பதிவானது. பீடி சுற்றும் ஆயா ஒருவருக்கு மூத்த மகனுக்கே 50 ஆகப்போகிறது, ஆதாரில் அவருக்கு 57. பார்த்தாலே தெரியும், ஆனால் கம்ப்யூட்டர் முகத்தைப் பார்ப்பதில்லை. பிறந்த தேதியை ஆதாரில் ஒரே ஒரு முறைதான் திருத்தலாம். அதனால் அவசரப்பட்டு யாரோ சொன்ன தேதியைப் போட்டுவிடக் கூடாது. ஆயா மூன்றாவது வரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்திருந்தார். தலைமையாசிரியர் நல்ல மனுஷர். அலமாரியில் இருந்த பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்தார். செல்லரித்த பக்கம், ஆனால் ஆயாவின் பெயரும் அவர் அப்பா பெயரும் தேதியும் இருந்தன. பெயரை வாசித்ததும் ஆயா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்பா பெயரை யாராவது சத்தமாகச் சொல்லிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ. அந்தச் சான்றை வைத்து, ஆர்.டி.ஓ. உத்தரவோடு பிறப்பைத் தாமதமாகப் பதிவு செய்து, பிறப்புச் சான்று வாங்கி, அதைக் கொண்டு ஆதாரில் திருத்தினோம். நீண்ட வேலைதான். குறுக்கு வழி காட்டுகிறேன் என்று ஒரு புரோக்கர் 3,000 ரூபாய் கேட்டார். அவர் தரவிருந்த சான்று போலி என்பது கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதை ஆதாரில் ஏற்றியிருந்தால் அந்த ஒரே வாய்ப்பும் போயிருக்கும்.

பணம் சாங்ஷன் ஆன பிறகும் கைக்கு வராமல் நிற்பது அடுத்த தொல்லை. நூறு நாள் வேலைக்கு ஒரு கணக்கு, கேஸ் மானியத்துக்கு ஒரு கணக்கு, மகளிர் குழுவுக்கு ஒரு கணக்கு என்று வெவ்வேறு பேங்கில் திறந்திருப்பார்கள். ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தார்களோ அதில் போய் விழும். பெரியவர் பழைய பாஸ்புக்கைக் கொண்டுபோய்ப் பதிவு போட்டுப் போட்டுப் பார்ப்பார், ஒன்றும் ஏறியிருக்காது. ஒரு தாத்தாவுக்குப் பல மாதப் பணம், அவர் மறந்தேபோன இன்னொரு கணக்கில் அப்படியே சேர்ந்திருந்தது. அவர் அதற்குள் "என்னை லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க" என்று ஊரெல்லாம் சொல்லி அழுதுவிட்டார். பணம் வரவில்லை என்றால், ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதை முதலில் பேங்கில் கேளுங்கள். தாலுகா ஆபீஸுக்கு அப்புறம் போகலாம்.

கைரேகை இன்னொன்று. 40 வருஷம் பீடி இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டிய விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் கை வைத்தவர்களுக்கும் அப்படித்தான். மெஷினில் வைத்தால் ஏற்காது. கூட நிற்பவர்கள் "சரியா வைம்மா" என்று அதட்டுவார்கள். அப்படி அதட்டாதீர்கள் என்று அந்த இடத்திலேயே நான் சொல்லிவிடுவேன், அவர் உழைத்த உழைப்புதான் அந்த விரலில் இருக்கிறது. பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வைத்தால் சில சமயம் எடுக்கும். ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பிக்கலாம். எதுவும் ஆகாவிட்டால் பேங்குக் கிளையில் பாஸ்புக்கோடு நேரில் போய் எடுக்கலாம். நடக்க முடியாதவர்களுக்கு இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரே வீட்டுக்கு வந்து, ஆதாரை வைத்து, வேறு பேங்கில் இருக்கும் பணத்தையும் எடுத்துத் தருவார். பி.எஃப். பென்ஷன்காரர்களுக்கு வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றையும் வீட்டிலேயே போட்டுத் தருவார்கள். முகத்தைப் படம் பிடித்தே அதைச் செய்யும் வசதியும் இப்போது வந்துவிட்டது, ரேகை தேய்ந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

வீட்டுக்கு வந்து பணம் கொடுக்கும் ஆள் யாராக இருந்தாலும், ரசீது கேளுங்கள். மாதா மாதம் 50, 100 என்று எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்த ஆள் ஒருவரை எங்கள் பக்கம் பிடித்தோம். பெரியவர்களுக்கு அது தெரிந்தே இருந்தது. "போவட்டும், வந்து குடுக்குதே" என்று விட்டிருந்தார்கள். 1,200 ரூபாயில் 100 ரூபாய் என்பது அவர்களுக்கு ஒரு மாதத்துக் காப்பித்தூள், வெற்றிலை, தைலம்.

வைத்தியத்துக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கலாம், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. நெஞ்சுவலி வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவது கொடுமை, நன்றாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள். எந்த ஆஸ்பத்திரியானாலும் சேர்க்கும் முன், இந்த நோய்க்கு இந்த அட்டை இங்கே செல்லுமா என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்த மேசையில் பொறுமையாகச் சொன்னார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. மாத்திரை வீட்டுக்கே வரும், பக்கவாதத்தில் படுத்தவர்களுக்குப் பிசியோதெரபியும் உண்டு. வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். கண்புரை ஆபரேஷன் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், லென்ஸும் சேர்த்து. கண் தெரியாமல் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, அதோடு முடிந்துபோன பெரியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஊரில் கண் முகாம் போட்டால் தயவுசெய்து கூட்டிக்கொண்டு போங்கள்.

ரேஷனில், வயதானவர்களுக்கு வீட்டுக்கே பொருள் கொண்டுவந்து தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. அதில் பெயர் இல்லாவிட்டாலும், கடைக்குப் போக முடியாதவர் தனக்குப் பதிலாக ஒருவரை எழுதிக் கொடுத்துப் பொருள் வாங்கச் செய்யலாம். கடையிலேயே அந்தப் படிவம் கேளுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. அரசு தரும் 1,200 ரூபாயைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். பெற்ற பிள்ளையிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவும் சட்டம் இருக்கிறது என்பதைச் சொன்னால் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். 2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அது. எங்கள் மாவட்டத்தில் வேலூர், குடியாத்தம் என்று இரண்டு வருவாய்க் கோட்டம். அந்த ஆர்.டி.ஓ.தான் தீர்ப்பாயம். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதில்லை. நடக்க முடியாதவருக்காக அவர் சொல்லும் இன்னொருவர் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். நோட்டீஸ் போன 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினரிடம் கேட்கலாம்.

எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் ஒரு ஆயா. இரண்டு மகன்கள். இருந்த ஒரே வீட்டைச் சின்னவன் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். பதிவு முடிந்து சில மாதத்தில் அவர் படுக்கை திண்ணைக்கு வந்தது. "வீடு அவனுக்கு, சோறு நானா?" என்றான் பெரியவன். சின்னவன் வீட்டில் ஒருவேளைக் கஞ்சி. ஆயாவுக்கு ஓஏபி வாங்கித் தரச் சொல்லி என்னிடம் வந்தது யார் தெரியுமா? அந்தச் சின்ன மகன். நான் ஆயாவோடு தனியாகப் பேசினேன். பிறகு பத்திர நகலைப் படித்தேன். எழுதிய பத்திர எழுத்தர் அனுபவசாலி. "என் ஆயுள் வரை என்னைப் பராமரித்துவர வேண்டியது" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். இந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை வாங்கிக்கொண்டு பராமரிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம்.

ஆயாவை மனுக் கொடுக்கச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "புள்ள மேல கேஸ் போட்டவன்னு ஊரு பேசும்" என்றார். "புள்ளய ஜெயில்ல போட்றாதீங்க சாமி, சோறு போடச் சொல்லுங்க, போதும்" என்றார். அதையே மனுவில் எழுதினோம். தண்டனை வேண்டாம், சாப்பாடும் உள்ளே ஓர் அறையும் மாதச் செலவுக்குப் பணமும் வேண்டும் என்று. விசாரணைக்கு இரண்டு மகன்களையும் கூப்பிட்டார்கள். சின்னவன் முதல் நாள் எகிறினான். பத்திரம் ரத்தாகலாம் என்று அதிகாரி அந்த வரியைப் படித்துக் காட்டியதும் இறங்கி வந்தான். இருவரும் மாதா மாதம் ஆயாவின் கணக்கில் பணம் போட வேண்டும், பின்கட்டு அறை ஆயாவுக்கு என்று எழுதி உத்தரவானது. பணம் கையில் தருவதாகச் சின்னவன் கேட்டான். கணக்கில்தான் போட வேண்டும் என்று நான் ஆயாவைச் சொல்லச் சொன்னேன். கையில் கொடுத்தால் கொடுத்ததற்கும் சாட்சி இல்லை, கொடுக்காததற்கும் சாட்சி இல்லை. உத்தரவை மீறிப் பணம் போடாமல் விட்டால் ஒரு மாதம் வரை சிறை என்று சட்டத்தில் இருப்பது அவர்களுக்குத் தெரியும். இதுவரை தவறவில்லை.

சொத்தை எழுதிக் கொடுக்கப் போகிற எல்லாரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது, அந்த ஒரு வரி இல்லாமல் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முடிந்தால் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் இருந்து அனுபவிக்கும் உரிமை எனக்கு உண்டு என்றும் எழுதச் சொல்லுங்கள். நல்ல பிள்ளைக்கு அந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லை.

மனு எழுத ஆள் இல்லாவிட்டால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே சட்ட உதவி தர வேண்டும் என்பது சட்டம். முதியோருக்கென்றே 14567 என்ற எண் இருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை. அடிக்கிறார்கள், சோறு போடவில்லை, பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களே கூப்பிடலாம். மனு கிடப்பில் கிடந்தால் முதலமைச்சரின் உதவி மைய எண் 1100க்குச் சொல்லலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாள் எல்லாருக்கும் தெரிந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது ஜமாபந்தி. ஊர்க் கணக்குகளைச் சரிபார்ப்பதற்காகக் கோடையில் தாலுகா ஆபீஸில் நடக்கும். உங்கள் ஊர்க் கணக்கு வரும் நாளில் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். யாரும் யாரையும் கை காட்ட முடியாது. ஒரு ஆபீஸுக்கு நாங்கள் பல மாதம் நடந்தும் அசையாத ஒரு மனு, ஜமாபந்தியில் வைத்த சில நாட்களில் நகர்ந்தது.

கடைசியாக, பேசக் கூச்சப்படும் ஒன்று. உதவித்தொகை வாங்கியவர் இறந்துவிட்டால் வி.ஏ.ஓ.விடம் உடனே சொல்லுங்கள். காரியம் முடிவதற்குள் யாரோ ஒருவர் கார்டைத் தேய்த்துப் பணம் எடுத்துவிடுவார், பிறகு திருப்பிக் கட்டச் சொல்லி வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். இறப்புச் சான்று வாங்கும்போது கூடுதலாகச் சில பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். இறந்தவர் தாத்தா என்றால், உதவித்தொகை இல்லாத பாட்டிக்கு விதவை உதவித்தொகை மனுவுக்கு ஒன்று வேண்டும். அவர் பி.எஃப். பென்ஷன்காரர் என்றால் 10-டி படிவத்துக்கு ஒன்று. ரேஷன் கார்டில் பெயர் நீக்க ஒன்று. பாட்டியின் பெயர் இந்த மூன்று இடத்திலும் ஒரே மாதிரி, ஒரே இனிஷியலோடு இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.